கரீபியனில் சட்ட விரிவுரையாளர்: படிப்பு, பதவி, வழக்காடல் பற்றி அடிக்கடி வரும் கேள்விகள்

கரீபியன் நாடுகளில் சட்டம் கற்பிக்கும் ஒருவர் எங்கே படிக்கிறார், எப்படி வேலைக்குச் சேர்கிறார், எதுவரை உயரலாம் என்று சட்ட மாணவர்களும் இளம் வழக்கறிஞர்களும் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். எண் போட்டிருப்பது, முன்பு சொன்னதை மறுபடி சொல்லாமல் அந்த எண்ணைக் காட்டிவிடலாம் என்பதற்காக.

1. கரீபியன்னா எந்தெந்த நாடு? எல்லாத்துக்கும் ஒரே சட்டமா?

இல்லை. கியூபா, ஹைத்தி, டொமினிகன் குடியரசு, சூரினாம் ஆகியவை ஐரோப்பியக் கண்டத்துச் சட்ட மரபைச் சேர்ந்தவை. இந்தப் பக்கத்தில் பேசுவது ஆங்கிலம் பேசும் காமன்வெல்த் கரீபியனைப் பற்றி: ஜமைக்கா, டிரினிடாட் அண்ட் டொபாகோ, பார்படோஸ், கயானா, பஹாமாஸ், பெலிஸ், செயின்ட் லூசியா, கிரெனடா, டொமினிக்கா, ஆன்டிகுவா போன்றவை. அடித்தளம் இங்கிலாந்துப் பொதுச் சட்டம், அதாவது நீதிமன்றத் தீர்ப்புகள் வழியே வளர்ந்த சட்ட மரபு. ஆனால் ஒவ்வொரு நாட்டுக்கும் தனி அரசமைப்பும் தனி நாடாளுமன்றமும் தனிச் சட்டங்களும் உண்டு.

அந்த அடித்தளத்திலும் விதிவிலக்குகள் இருக்கின்றன. செயின்ட் லூசியாவில் கனடாவின் கியூபெக் மாகாணத்தைப் பின்பற்றிய சிவில் சட்டத் தொகுப்பு 1879 முதல் இருக்கிறது. கயானாவில் 1917 வரை ரோமன்-டச்சுச் சட்டம்தான். இலங்கையில் இன்றும் பொதுச் சட்டமாக இருப்பது அதே ரோமன்-டச்சு மரபு. கயானா அதைக் கைவிட்ட பிறகும் நிலத்தை உரிமை மாற்றும் முறையில் அதன் மிச்சம் தொடர்கிறது. கொழும்பில் படித்தவர் அந்தப் பாடத்தைப் பார்த்தால் பல இடங்கள் பழகியவையாகத் தெரியும்.

2. சட்டம் படிக்க எங்க போறாங்க?

முக்கியமான இடம் வெஸ்ட் இண்டீஸ் பல்கலைக்கழகம். 1948இல் ஜமைக்காவின் மோனாவில் லண்டன் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரியாகத் தொடங்கி, 1962இல் தானே பட்டம் வழங்கும் பல்கலைக்கழகமானது. பல அரசுகள் சேர்ந்து நடத்துவது. சட்டப் புலம் 1970இல் பார்படோஸின் கேவ் ஹில் வளாகத்தில் திறந்தது. அதற்கு முன்பு வழக்கறிஞராக வேண்டுமானால் கப்பலேறி லண்டனுக்குத்தான் போக வேண்டும். பின்னர் நெடுங்காலம், ஜமைக்கா, டிரினிடாட் மாணவர்கள் முதலாண்டைத் தங்கள் ஊர் வளாகத்தில் படித்துவிட்டு அடுத்த இரண்டு ஆண்டுக்குக் கேவ் ஹில் போனார்கள். இப்போது மோனாவிலும் டிரினிடாடின் செயின்ட் அகஸ்டினிலும் முழு எல்எல்பி (சட்ட இளங்கலைப் பட்டம்) உண்டு.

பள்ளியில் முதலில் சிசெக் எனும் இடைநிலைத் தேர்வு, பிறகு கேப் எனும் மேல்நிலைத் தேர்வு. கேப்பில் சட்டம் என்றே ஒரு பாடம் இரண்டு அலகுகளாக இருக்கிறது. எல்எல்பி சேர அது கட்டாயமில்லை. மொத்த மதிப்பெண்தான் பேசும். இதைத் தவிர கயானா பல்கலைக்கழகம், ஜமைக்காவின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆகியவையும் எல்எல்பி தருகின்றன. தனியார் கல்லூரியில் படித்து லண்டன் பல்கலைக்கழகத்தின் தேர்வை எழுதுவோரும் உண்டு.

3. எல்எல்பி முடிச்சா நேரா கோர்ட்டுக்குப் போகலாமா?

முடியாது. எல்எல்பி மூன்றாண்டு, அதற்கு மேல் சட்டப் பள்ளியில் இரண்டாண்டு படித்து எல்இசி எனப்படும் சட்டக் கல்விச் சான்றிதழ் வாங்க வேண்டும். இதை நடத்துவது பல்கலைக்கழகம் அல்ல. அரசுகள் 1971 ஒப்பந்தத்தால் உருவாக்கிய சட்டக் கல்விக் குழு நடத்துகிறது. மூன்று பள்ளிகள்: ஜமைக்காவில் நார்மன் மேன்லி, டிரினிடாடில் ஹியூ வூடிங் (இரண்டும் 1973), பஹாமாஸின் நாசோவில் யூஜீன் டுபுக் (1998).

பாடங்கள் முழுக்கத் தொழில் சார்ந்தவை. உரிமையியல் நடைமுறை, குற்றவியல் நடைமுறை, சாட்சியம், பத்திரம் எழுதுதல், உயில், சட்ட வரைவு, தொழில் ஒழுக்கம் என்று போகும். முதலாண்டுக்கும் இரண்டாமாண்டுக்கும் இடையே அலுவலகப் பயிற்சி இருக்கிறது. பிறகு சட்ட உதவி மையத்தில் உண்மையான கட்சிக்காரரின் வழக்கை, ஆசிரியர் மேற்பார்வையில், மாணவர் கையாள வேண்டும். சான்றிதழ் கிடைத்த பிறகு எந்த நாட்டில் வழக்காடப் போகிறாரோ அந்த நாட்டு நீதிமன்றத்தில் பதிவு. இன்னொரு தீவில் வழக்காட வேண்டுமென்றால் அங்கேயும் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். சான்றிதழ் அப்படியே செல்லும். திரும்பப் படிக்க வேண்டியதில்லை.

4. வேற பல்கலைக்கழகத்துல எல்எல்பி படிச்சவங்க கதி?

இதில்தான் மனக்கசப்பு அதிகம். வெஸ்ட் இண்டீஸ் பல்கலைக்கழகத்தின் எல்எல்பி இருந்தால் சட்டப் பள்ளியில் இடம் உறுதி. கயானா பல்கலைக்கழகத்திலிருந்து முதல் 25 பேருக்கு ஹியூ வூடிங்கில் இடம் தரும் ஏற்பாடு உண்டு. மற்ற எல்லோரும் நுழைவுத் தேர்வு எழுதி, மீதமுள்ள இடங்களுக்குப் போட்டியிட வேண்டும். தேர்ச்சி பெற்றும் இடம் கிடைக்காமல் போவது நடக்கிறது.

வேறொரு பொதுச் சட்ட நாட்டில் ஏற்கெனவே வழக்கறிஞராகத் தகுதி பெற்றுவிட்ட இப்பகுதிக் குடிமக்களுக்கு இரண்டாண்டுக்குப் பதிலாக ஆறு மாதப் படிப்பு. இங்கிலாந்தில் பாரிஸ்டராகித் திரும்புவோர் இந்த வழியில்தான் வருகிறார்கள்.

5. நான் பாடம் நடத்தத்தான் போறேன். எனக்கு எதுக்கு எல்இசி? நேரா பிஎச்டி போயிடலாமே?

விதிப்படி பார்த்தால் போகலாம். சட்டப் புலத்தில் விரிவுரையாளராக வழக்கறிஞர் பதிவு எல்லாப் பதவிக்கும் கட்டாயமல்ல. ஆனாலும் கரீபியன் எல்எல்பி வைத்திருப்பவர் எல்இசியை முதலில் முடித்துவிட்டு மேற்படிப்புக்குப் போவதே நல்லது என்பது எங்கள் உறுதியான கருத்து.

காரணம் இந்த வட்டாரத்தின் அளவு. லண்டனில் ஒருவர் வாழ்நாள் முழுதும் ஆய்வாளராகவே இருந்துவிடலாம். அவரைச் சுற்றி ஆயிரம் வழக்கறிஞர்கள், நூறு பாடநூல்கள். இங்கே சில லட்சம் மக்கள் கொண்ட தீவில் அரசமைப்புச் சட்டத்தை ஆழமாக அறிந்தவர் விரல்விட்டு எண்ணும் அளவே இருப்பார்கள். சட்டத் திருத்தக் குழுவும் தொழிற்சங்கமும் மனித உரிமை வழக்கும் அவரையே தேடி வரும். அப்போது கோர்ட்டில் நின்று பேசும் உரிமை இல்லையென்றால் பாதி வேலை இன்னொருவர் கைக்குப் போய்விடும். சட்டப் பள்ளி ஆசிரியர் பதவியும் (கேள்வி 8) அப்படியே எட்டாமல் போகும். முப்பத்தைந்து வயதில் குடும்பத்தோடு இருக்கும்போது திரும்பி வந்து இரண்டாண்டு மாணவராக உட்காருவது மிகக் கடினம்.

6. எல்எல்எம், பிஎச்டி எங்க பண்றாங்க? எந்தத் தலைப்பு எடுக்கணும்?

கேவ் ஹில்லிலேயே மேற்படிப்பு (எல்எல்எம் எனும் சட்ட முதுகலை, பிஎச்டி எனும் முனைவர் பட்டம்) உண்டு. ஆனால் மூத்த பேராசிரியர்கள் பலரின் பாதை வெளியே போய்த் திரும்பியதுதான். ரோஸ்-மேரி பெல் அன்டோயின் வெஸ்ட் இண்டீஸ் எல்எல்பிக்குப் பிறகு கேம்பிரிட்ஜில் எல்எல்எம், ஆக்ஸ்ஃபோர்டில் முனைவர் பட்டம் பெற்றவர். கயானாவின் ஆரிஃப் புல்கன் கனடாவின் ஆஸ்குட் ஹால் சட்டப் பள்ளியில் பழங்குடி மக்களின் நில உரிமையை ஆய்வு செய்தார். பணத்துக்குக் காமன்வெல்த் உதவித்தொகை, ரோட்ஸ் உதவித்தொகை ஆகியவை பழக்கமான வழிகள்.

தலைப்பில் பலர் சறுக்குகிறார்கள். இங்கிலாந்து மேற்பார்வையாளருக்குப் பிடித்த ஐரோப்பிய ஒன்றியத் தலைப்பை எடுத்து நான்காண்டு உழைத்துவிட்டு ஊர் திரும்பினால், அதைக் கற்பிக்க இங்கே பாடமே இருக்காது. கடல்சார் சட்டம், அயல்நாட்டு நிதி மையங்களின் சட்டம், அரசமைப்பு, பழங்குடி நிலம், தொழிலாளர் சட்டம், காரிகாம் எனும் கரீபியன் நாடுகள் கூட்டமைப்பின் ஒருங்கிணைப்புச் சட்டம் போன்றவற்றுக்குத் தேவை உண்டு. உள்ளூர்த் தரவும் இருக்கிறது. ஆய்வை வெளிநாட்டில் செய்தாலும் தீர்ப்பும் ஆவணமும் கரீபியனிலிருந்து வரட்டும்.

7. பதவிப் படிகள் எப்படி? வேலை நிரந்தரமா?

பெரும்பாலோர் பகுதிநேர டியூட்டராகத் தொடங்குவார்கள். விரிவுரையைப் பேராசிரியர் நடத்துவார். வாராந்திரச் சிறு குழு வகுப்பை டியூட்டர் நடத்துவார். அதன் பிறகு உதவி விரிவுரையாளர், விரிவுரையாளர், முதுநிலை விரிவுரையாளர், பேராசிரியர். எல்எல்எம் இல்லாமல் விரிவுரையாளர் பதவிக்கு வாய்ப்பு குறைவு. நிரந்தரப் பணிக்கு முனைவர் பட்டம் ஏறக்குறைய எதிர்பார்க்கப்படுகிறது.

முதலில் ஒப்பந்தப் பணிதான், வழக்கமாக மூன்றாண்டு. புதுப்பிக்கும்போதும் உயர்வு கேட்கும்போதும் கற்பித்தல், ஆய்வு வெளியீடு, பல்கலைக்கழக நிர்வாகப் பங்களிப்பு, பொதுச் சேவை என்று எல்லாவற்றையும் பார்ப்பார்கள். நன்றாகப் பாடம் நடத்துபவர் வெளியீடு இல்லாமல் விரிவுரையாளராகவே நின்றுவிடுவதுதான் அடிக்கடி நடப்பது. விடைத்தாள் குவியும் பருவத்தில் எழுத முடியாது. கோடை விடுமுறையை எழுதுவதற்கென்று ஒதுக்கி, அந்த மாதங்களில் வேறு வேலையை ஏற்காதவர்களே மேலே போகிறார்கள்.

8. சட்டப் புலத்துல நடத்துறதும் சட்டப் பள்ளியில நடத்துறதும் ஒண்ணுதானே?

இல்லை, சம்பளம் தரும் நிறுவனமே வேறு. சட்டப் பள்ளியில் இருப்பவர்கள் டியூட்டர், முதுநிலை டியூட்டர், பாட இயக்குநர், தலைவர் பிரின்சிபல். தொழிலில் இருக்கும் வழக்கறிஞர்கள் பகுதிநேரமாக வந்து நடத்துவதும் உண்டு. அங்கே வழக்காடிய அனுபவம்தான் முதல் தகுதி. முனைவர் பட்டத்துக்கு அவ்வளவு எடை இல்லை. வகுப்பில் கோட்பாடு பேசினால் மாணவர் கேட்பது, “சரி, மனுவில் இதை எந்தப் பத்தியில் எழுதுவது?” என்பதுதான்.

9. ஒரே வகுப்புல பத்து நாட்டுப் பிள்ளைங்க. எந்த நாட்டுச் சட்டத்தைச் சொல்லித் தர்றது?

இந்த வேலையின் மையமே இந்தக் கேள்விதான். ஓர் எடுத்துக்காட்டு: கடையின் தரை ஈரம், வாடிக்கையாளர் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொள்கிறார். கடை கிங்ஸ்டனில் இருந்தால் ஜமைக்காவின் இடம் வைத்திருப்போர் பொறுப்புச் சட்டம், 1969 பொருந்தும். வந்தவர் யாராக இருந்தாலும், அனுமதியோடு வந்திருந்தால், ஒரே பொதுவான கவனக் கடமை. பார்படோஸிலும் அத்தகைய சட்டம் உண்டு. கடை போர்ட் ஆஃப் ஸ்பெயினில் இருந்தால் டிரினிடாடில் அப்படியொரு சட்டம் இல்லை. பழைய பொதுச் சட்டம்தான். விழுந்தவர் அழைக்கப்பட்டவரா, வெறும் அனுமதி பெற்றவரா என்று முதலில் வகைப்படுத்த வேண்டும். வாடிக்கையாளர் அழைக்கப்பட்டவர், ஆகவே 1866ஆம் ஆண்டின் இண்டர்மார் எதிர் டேம்ஸ் தீர்ப்புப்படி, கடைக்காரர் அறிந்த அல்லது அறிந்திருக்க வேண்டிய அசாதாரண ஆபத்து இருந்ததா என்று பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் 1957இல் மாற்றிவிட்ட விதி இங்கே உயிரோடு இருக்கிறது.

எனவே தேர்ந்த விரிவுரையாளர் மூன்று அடுக்காகத் தயாரிக்கிறார். முதலில் எல்லோருக்கும் பொதுவான கோட்பாடு. அடுத்து, எந்த நாட்டில் சட்டம் உண்டு, எங்கே இல்லை, பிரிவு எண் என்ன என்று ஒரே பக்க அட்டவணை. கடைசியாக, வினாத்தாளில் ஊரின் பெயரைக் குறிப்பிட்டே கேள்வி. ஊரைச் சொல்லாமல் கேள்வி தயாரித்தால் விடை திருத்தும்போது சண்டைதான். இரண்டு வேறு விடையும் சரியாக இருக்கும். அட்டவணையை ஒவ்வோர் ஆண்டும் சரிபார்க்க வேண்டும். ஏதோ ஒரு தீவின் நாடாளுமன்றம் சத்தமில்லாமல் திருத்தம் போட்டிருக்கும். அதை முதலில் சொல்வது பெரும்பாலும் அந்த ஊர் மாணவர்.

10. இங்கிலாந்துப் பாடநூலை வச்சே ஓட்ட முடியாதா?

மேலே சொன்ன கடை வழக்கிலேயே விடை இருக்கிறது. 1970களில் வேறு வழியில்லாமல் அப்படித்தான் ஓட்டினார்கள். பிறகு கேவ் ஹில் ஆசிரியர்கள் ஒவ்வொரு பாடத்துக்கும் உள்ளூர் நூல் எழுதத் தொடங்கினார்கள்: தீங்கியலுக்கு (பிறருக்கு விளைவித்த தீங்குக்கு இழப்பீடு பற்றிய சட்டம்) கில்பர்ட் கோடிலின்யே, பொதுத் துறைச் சட்டத்துக்கு ஆல்பர்ட் ஃபியாஜோ, சட்ட முறைமைகளுக்குப் பெல் அன்டோயின். நீதிபதிகளும் இவற்றைத் திறந்து பார்க்கிறார்கள்.

தீர்ப்புகளுக்கு அச்சில் வெஸ்ட் இண்டியன் ரிப்போர்ட்ஸ். அதில் வராத ஏராளமான தீர்ப்புகள் கேவ் ஹில் சட்ட நூலகம் உருவாக்கிய கரிலா தரவுத்தளத்தில் கிடைக்கும். கிழக்குக் கரீபியன் உச்ச நீதிமன்றமும் கரீபியன் நீதிமன்றமும் தங்கள் தீர்ப்புகளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. இங்கிலாந்துத் தீர்ப்பை மட்டும் காட்டி எழுதிய கட்டுரைக்கு, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், நல்ல ஆசிரியர் முழு மதிப்பெண் போடமாட்டார்.

11. பிரிவி கவுன்சில் ஒண்ணு சொல்லுது, கரீபியன் நீதிமன்றம் வேற சொல்லுது. மாணவர் எதை எழுதணும்?

இந்தியா 1949இலும் இலங்கை 1971இலும் விட்டுவந்த, லண்டனில் அமரும் பிரிவி கவுன்சில்தான் ஜமைக்காவுக்கும் டிரினிடாடுக்கும் இன்றும் கடைசி நீதிமன்றம். கரீபியன் நீதிமன்றம் 2005இல் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் தொடங்கியது. பார்படோஸ், கயானா, பெலிஸ், டொமினிக்கா, செயின்ட் லூசியா மட்டும் மேல்முறையீட்டை அதற்கு மாற்றியிருக்கின்றன. நீதிமன்றம் அமர்ந்திருக்கும் டிரினிடாடே மாற்றவில்லை.

இதன் விளைவைக் கட்டாய மரண தண்டனையில் (கொலைக்கு நீதிபதி வேறு தண்டனை தர முடியாத முறை) பார்க்கலாம். சுதந்திரத்துக்கு முன்பிருந்த சட்டத்தை அடிப்படை உரிமையைக் காட்டி ரத்து செய்ய முடியாதபடி காக்கும் பிரிவு பல கரீபியன் அரசமைப்புகளில் உண்டு. 2004 ஜூலையில் பிரிவி கவுன்சில் மூன்று தீர்ப்புகளை ஒரே நாளில் சொன்னது. டிரினிடாடிலும் பார்படோஸிலும் அந்தப் பிரிவு கட்டாயத் தண்டனையைக் காக்கிறது என்றது. ஜமைக்கா தன் சட்டத்தை 1992இல் மாற்றிவிட்டதால் அங்கே காக்காது என்றது. 2018இல் நெர்வைஸ் வழக்கில் கரீபியன் நீதிமன்றம் பார்படோஸின் கட்டாயத் தண்டனை அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. 2022இல் சாண்ட்லர் வழக்கில் பிரிவி கவுன்சில், டிரினிடாடைப் பொறுத்தவரை தன் பழைய நிலையிலேயே நின்றது.

ஆகவே மாணவர் முதல் வரியிலேயே எந்த நாடு, அதன் கடைசி நீதிமன்றம் எது என்று எழுதிவிட வேண்டும். மற்ற நீதிமன்றத்தின் தீர்ப்பு கட்டுப்படுத்தாது. வாதத்துக்கு வலு சேர்க்கும், அவ்வளவுதான்.

12. முழுநேர விரிவுரையாளர் வழக்காடலாமா?

பல்கலைக்கழக அனுமதியோடு, வரம்புக்குள், செய்யலாம். வகுப்பைத் தள்ளிப் போட்டுவிட்டு விசாரணைக்கு ஓடுவதுதான் புகாராகும். அதனால் பலர் மேல்முறையீட்டையும் அரசமைப்பு வழக்கையும் மட்டும் எடுக்கிறார்கள். அவற்றில் எழுத்து வாதம் அதிகம். தேதியும் முன்கூட்டியே தெரியும்.

ஆசிரியர் பணியும் வழக்கும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு யு-ராப் சான்று. டிரேசி ராபின்சன், ஆரிஃப் புல்கன் உள்ளிட்ட வெஸ்ட் இண்டீஸ் சட்ட ஆசிரியர்கள் தொடங்கிய உரிமை வழக்குத் திட்டம் அது. பெலிஸில் ஓரினச் சேர்க்கையைக் குற்றமாக்கிய பிரிவு 2016இல் வீழ்ந்த ஒரோஸ்கோ வழக்கிலும், கயானாவில் ஓர் ஆண் பெண்ணின் உடையை உடுத்துவதைக் குற்றமாக்கிய 1893ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கரீபியன் நீதிமன்றம் 2018இல் ரத்து செய்த மெக்யூவன் வழக்கிலும் இந்தக் குழுவின் உழைப்பு இருக்கிறது. கயானாவில் கைது நடந்தது 2009இல். ஒன்பது ஆண்டு ஒரு வழக்கைத் தாங்கிப் பிடிப்பது தனி வழக்கறிஞர் அலுவலகத்துக்கு எளிதல்ல; சம்பளம் தவறாமல் வரும் ஆசிரியரால் அது முடிகிறது.

13. பாடம் நடத்தினதையே அனுபவமா காட்டி நீதிபதி ஆக முடியுமா?

கரீபியன் நீதிமன்றத்தைப் பொறுத்தவரை முடியும். அதன் ஒப்பந்தம், நீதிபதியாக இருந்த அனுபவம் இல்லாவிட்டால், மொத்தம் 15 ஆண்டு சட்டத் தொழில் செய்தவர் அல்லது சட்டம் கற்பித்தவர் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. கேவ் ஹில்லில் சர்வதேசச் சட்டப் பேராசிரியராக இருந்த வின்ஸ்டன் ஆண்டர்சன் 2010இல் அங்கே நீதிபதியானார். 2025இல் அதன் தலைவரானார். கேவ் ஹில் டீனாக இருந்த ஆண்ட்ரூ பர்ஜெஸ் பார்படோஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழியாக 2019இல் போனார். எதிர்த்திசையிலும் நடக்கும்: தான்சானியாவின் தலைமை நீதிபதியாக இருந்த டெல்ஃபோர்ட் ஜார்ஜஸ் பிறகு கேவ் ஹில்லில் பேராசிரியராகவும் டீனாகவும் இருந்தார்.

அரசியலும் தொலைவில் இல்லை. கேவ் ஹில் சட்ட ஆசிரியர்களில் நிக்கலஸ் லிவர்பூல் 2003 முதல் 2012 வரை டொமினிக்காவின் குடியரசுத் தலைவர். கென்னி அந்தோனி செயின்ட் லூசியாவின் பிரதமராக இருந்தவர். பெல் அன்டோயின், டிரேசி ராபின்சன் இருவரும் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர்கள். முதலாமவர் 2022 முதல் செயின்ட் அகஸ்டின் வளாகத்தின் தலைவர்.

14. இந்தியாவுலயோ இலங்கையிலயோ படிச்சவங்க அங்க பாடம் நடத்தப் போகலாமா?

பல்கலைக்கழக வேலைக்கு விண்ணப்பிக்கலாம். கேள்வி 10இல் சொன்ன ஃபியாஜோ கானாவிலிருந்து வந்தவர். கேவ் ஹில் தொடக்கத்திலிருந்தே காமன்வெல்த் முழுவதிலிருந்தும் ஆசிரியர்களை எடுத்திருக்கிறது. அரசமைப்பு, ஒப்பந்தச் சட்டம், சர்வதேசச் சட்டம் நடத்துபவர்களுக்கு அடிப்படை ஒன்றுதான். ஆனால் விண்ணப்பத்தில் கரீபியன் தீர்ப்பு ஒன்றைக்கூடத் தொடாத வெளியீட்டுப் பட்டியலை அனுப்பினால் நேர்காணல் வரை வராது. உங்கள் நாட்டு அரசமைப்பையும் ஒரு கரீபியன் அரசமைப்பையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரையாவது முதலில் வெளியிடுங்கள். வழக்காடுவது வேறு கதை. கேள்வி 3, 4இல் சொன்ன கதவுகளைத் தாண்ட வேண்டும், அவை இப்பகுதிக் குடிமக்களை மனத்தில் வைத்து அமைந்தவை.

15. அரசாங்கத்தை விமர்சிச்சு எழுதினா வேலை போயிடுமா?

பல்கலைக்கழகம் பல அரசுகளுக்குச் சொந்தம் என்பதால் ஒரே அரசின் கோபத்தால் வேலை போவது எளிதல்ல. ஆனால் நுழைவு அனுமதி அந்தந்த நாட்டின் கையில். மோனாவில் வரலாறு கற்பித்த கயானாக்காரர் வால்டர் ரோட்னியை 1968 அக்டோபரில் ஜமைக்கா அரசு விமானத்தைவிட்டு இறங்கவே விடவில்லை. கிங்ஸ்டனில் பெரும் கலவரம் மூண்டது. காலம் மாறிவிட்டது என்றாலும், வேறு தீவில் பணி அனுமதியோடு வாழ்பவர் அதைக் காலாவதியாகவிடாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

16. நான் இப்போ எல்எல்பி இரண்டாம் ஆண்டு. இப்பவே என்ன செய்யணும்?

மாதிரி நீதிமன்றப் போட்டியில் சேருங்கள். கரீபியன் நீதிமன்றமே ஆண்டுதோறும் ஒன்றை நடத்துகிறது. மூன்றாமாண்டில் நீண்ட ஆய்வுக் கட்டுரைக்கு வாய்ப்பிருந்தால் எடுங்கள்; அதைச் சீர்செய்து மாணவர் சட்ட இதழுக்கு அனுப்பினால் முதல் வெளியீடு கிடைத்துவிடும். எல்எல்எம் விண்ணப்பத்துக்குப் பரிந்துரைக் கடிதம் இரண்டு ஆசிரியர்களிடம் தேவைப்படும். பெயர் தெரிந்த ஆசிரியரைவிட உங்கள் எழுத்தைத் திருத்தியவரிடம் கேளுங்கள். அவரால்தான் குறிப்பாக எழுத முடியும். உதவித்தொகைகளின் கடைசி நாள் பெரும்பாலும் படிப்பு தொடங்குவதற்கு ஏறக்குறைய ஓராண்டு முன்பே முடிந்துவிடும். சட்டப் பள்ளியின் கடைசி ஆண்டு தொடங்கும்போதே அந்த விண்ணப்பமும் கையில் இருக்க வேண்டும்.